மூன்றரை லட்சம் கையில் இருக்கிறது: புது காரா, கை மாறிய காரா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 39. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் முழங்கால் வலியோடு மாமியாரும், படிக்கும் பிள்ளைகள் இருவரும். பள்ளிக்கூடம் 14 கிலோமீட்டர் தள்ளி. இத்தனை வருஷம் ஸ்கூட்டரில் போய்வந்தவர், ஆனி ஆடி மழைக்கும் ஐப்பசி மழைக்கும் நனைந்து சலித்துவிட்டார். மாதம் ஒருமுறை மாமியாரைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாடகைக் காருக்குக் கொடுப்பதும் கண்ணை உறுத்துகிறது. சீட்டுப் பணமும் சேமிப்புமாக மூன்றரை லட்சம் வைத்திருக்கிறார்.

மூன்று வண்டிகள் பார்த்திருக்கிறார். முதலாவது, புது பெட்ரோல் ஹேட்ச்பேக். ஷோரூம் விலை 6,50,000. இரண்டாவது, கேரளத்துப் பாறசாலையில் ஒரு புரோக்கர் காட்டிய 2018 டீசல் கார், கே.எல். (கேரளப்) பதிவு, 85,000 கிலோமீட்டர் ஓடியது, விலை 4,20,000. மூன்றாவது, தெரிந்தவர் வழியாக வந்த 2021 பெட்ரோல் கார், டி.என். 75 (மார்த்தாண்டம்) பதிவு, ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர், விலை 4,60,000. "டீசலை எடுங்க மைனி, மைலேஜிலேயே போட்ட காசு திரும்பிடும்" என்கிறார் கொழுந்தனார். நம்பர் மாற்றாமலே ஓட்டலாம், இன்சூரன்ஸ் அடுத்த ஆகஸ்ட் வரை இருக்கிறது என்கிறார் புரோக்கர். கணவருக்குப் பழைய வண்டி என்றாலே பயம். டீசல் வண்டியைப் பத்து வருஷத்தில் உடைக்கச் சொல்லிவிடுவார்கள், புதுசு என்றால் ஐந்து வருஷத்துக்குச் செலவே வராது என்பது அவர் எண்ணம். எதை வாங்கினாலும் ஆர்.சி. கணவர் பெயரில்தான் என்று முடிவாகியிருக்கிறது. எதை வாங்கட்டும் என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று வண்டியின் விலையையும் ஓடிய கிலோமீட்டரையும் துல்லியமாக எழுதிய நீங்கள், வருஷத்துக்கு நீங்கள் எவ்வளவு ஓட்டப்போகிறீர்கள் என்பதை எழுதவில்லை. முடிவு அதில்தான் இருக்கிறது. கடிதத்தில் உள்ளதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். பள்ளி வேலைநாள் 220, தினம் 28 கிலோமீட்டர்: 6,160. திருவனந்தபுரம் போய்வர மாதம் 100 வீதம் 1,200. மார்த்தாண்டம் கடைத்தெரு, கல்யாண வீடு, துக்க வீடு, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சேர்த்து 1,600. ஆக வருஷத்துக்கு 9,000, ஐந்து வருஷத்தில் 45,000 கிலோமீட்டர். இது குறைந்த ஓட்டம். குறைந்த ஓட்டத்தில் எரிபொருளை விட வண்டியின் மதிப்புத் தேய்வும் லோன் வட்டியும்தான் பையைக் காலி செய்யும்.

கொழுந்தனாரின் கணக்கை முதலில் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சாலையில் அந்த 2021 வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தால் வருஷத்துக்குப் பெட்ரோல் 54,000 ரூபாய். டீசல் வண்டி 20 கொடுத்தால் 42,300. மிச்சம் 11,700, மாதம் ஆயிரம்கூட இல்லை. டீசல் இன்ஜெக்டரோ டர்போவோ ஒருமுறை கைவைக்க வைத்தால் மூன்று நான்கு வருஷ மிச்சம் அந்த ஒரு பில்லில் போய்விடும். வருஷம் 20,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவருக்கு அவர் சொல்வது சரி. உங்களுக்கு அது பொருந்தாது.

கணவரின் பயத்திலும் பாதிதான் சரி. பத்து வருஷ டீசல், பதினைந்து வருஷ பெட்ரோல் என்ற கெடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கு உரியது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அதன்பின் ஃபிட்னஸ் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். புது வண்டிக்குச் செலவே வராது என்பதும் அப்படித்தான். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும். டயர், பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், ஆயில் எல்லாம் உங்கள் கணக்கு. கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு மதிப்புத் தேய்வு. இன்சூரன்ஸ்காரர்கள் ஐ.டி.வி. (காப்பீட்டுக்காகக் கணக்கிடும் வண்டி மதிப்பு) போடும் அளவுகோலே அதைக் காட்டும்: ஒரு வருஷத்துக்குள் 15 சதவீதம், மூன்றாம் வருஷ முடிவில் 30, ஐந்தாம் வருஷ முடிவில் 50.

ஐந்து வருஷக் கணக்கு

புது வண்டிக்கு ஷோரூம் விலை 6,50,000. ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 84,500. பதிவுச் செலவும், மூன்று வருஷ மூன்றாம் நபர் (நம் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான) காப்பீடு சேர்ந்த முதல் இன்சூரன்ஸும் சேர்த்தால் ஆன்ரோடு ஏறக்குறைய 7,70,000. உங்கள் மூன்றரை போக 4,20,000 லோன். 9 சதவீதத்தில் ஐந்து வருஷத்துக்கு மாதத் தவணை 8,720. வட்டி மட்டும் 1,03,000. ஐந்து வருஷம் கழித்து 3,60,000-க்கு விற்றால் வண்டியிலும் வரியிலும் பதிவுச் செலவிலும் இழந்தது 3,77,000. இன்சூரன்ஸ் 85,000, சர்வீசும் ஒரு செட் டயரும் பேட்டரியும் 55,000, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வீதம் பெட்ரோல் 2,55,000. மொத்தம் 8,75,000. கிலோமீட்டருக்கு 19 ரூபாய் 40 காசு.

2021 வண்டிக்கு ஆயுள் வரியை முதல் ஓனரே கட்டிவிட்டார். நம் மாநிலத்துக்குள் கை மாறும்போது மறுபடி கட்ட வேண்டாம். விலையில் குறைவதற்கும் வாங்கியதும் செய்யும் வேலைகளுக்குமாக 1,50,000 லோன், 14 சதவீதம், மூன்று வருஷம்: தவணை 5,130, வட்டி 34,500. பத்து வயசில் 2,40,000-க்கு விற்றால் இழப்பு 2,20,000. வாங்கிய உடனே ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், டயர் என்று 35,000 ஒதுக்குங்கள், பிறகு வருஷத்துக்கு 12,000. இன்சூரன்ஸ் 55,000, பெட்ரோல் 2,70,000. மொத்தம் 6,75,000, கிலோமீட்டருக்கு 15 ரூபாய்.

டீசல் வண்டியைத் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற, வண்டியின் வயசுக்கேற்பக் குறைத்த ஆயுள் வரி கட்ட வேண்டும். சரியான தொகையை மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணக்குக்காக அதற்கும் அலைச்சலுக்கும் 60,000 வைத்தேன். இன்ஜெக்டர், டர்போ பயத்துக்கு ஒரு 50,000 தனியே வைத்தேன். எரிபொருள் மிச்சத்தையும் கழித்த பிறகும் 7,70,000 வருகிறது. கிலோமீட்டருக்கு 17 ரூபாய்.

விற்கும் விலையும் ரிப்பேர்ச் செலவும் என் உத்தேசம். கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் முதல் வண்டிக்கும் மூன்றாவது வண்டிக்கும் இடையே உள்ள இரண்டு லட்சம் அவ்வளவு எளிதில் மறையாது. ஐந்து வருஷத்தில் மாற்றாமல் 12 வருஷம் ஒரே வண்டியை ஓட்டுவதாக இருந்தால் மட்டும் புது வண்டிக்கும் 2021 வண்டிக்கும் உள்ள இடைவெளி நன்றாகச் சுருங்கும்.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு இறங்கினால் பழையதும் இறங்க வேண்டும். பழைய ஷோரூம் விலையை மனதில் வைத்துத்தான் பலர் இன்னும் விலை சொல்கிறார்கள். 4,60,000-ஐ 4,30,000-இலிருந்து பேசத் தொடங்குவதில் தவறில்லை.

அந்த கே.எல். வண்டி

நம்பர் மாற்றாமல் ஓட்டலாம் என்று புரோக்கர் சொன்னதை நம்பாதீர்கள். வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் பதிவு செய்த ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும். வங்கிக் கடன் பாக்கி இருந்தாலோ, கேரளத்து கேமரா போட்ட அபராதம் நின்றாலோ அது கைக்கு வராது. பெயர் மாற்றாமலே பல கை மாறிய வண்டியாக இருந்தால், ஆர்.சி.யில் உள்ள மனிதரைத் தேடி நீங்கள்தான் அலைய வேண்டிவரும்.

இன்னொன்று எனக்குப் பெரிய கவலை. வண்டி 2018 மாடல். அந்த ஆகஸ்டில்தான் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. நம்பரின் முதல் பகுதியைப் பாருங்கள்: கே.எல். 30 என்றால் செங்கன்னூர், 27 திருவல்லா, 41 ஆலுவா. எல்லாம் தண்ணீர் ஏறிய இடங்கள். அந்தப் பதிவு என்பதற்காகவே ஒரு வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண் கோடு தெரிகிறதா என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. சீட் பெல்ட்டின் வெளிப்பகுதியைக் கழுவுவார்கள், அடிச்சுருளைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சீட் தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள், ஏ.சி. போட்டதும் ஈர நெடி, இவையும் அதே கதையைச் சொல்லும்.

உப்பு

நம் மாவட்டத்தில் பழைய கார் வாங்குகிறவர் இன்ஜினைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி ராத்திரி எங்கே நின்றது என்பது. குளச்சல், மண்டைக்காடு, முட்டம், கடியபட்டணம் என்று கரையோரம் வெளியில் நின்ற நாலு வயசு வண்டியைவிட, கடலுக்குத் தள்ளி உள்ள குலசேகரம் பக்கம் ஷெட்டில் நின்ற எட்டு வயசு வண்டி அடியில் சுத்தமாக இருக்கலாம். உப்புக் காற்று மேல் பெயிண்டை அதிகம் தொடாது. தகடும் தகடும் சேரும் மடிப்புகளில் ஈரத்தோடு உட்கார்ந்து உள்ளிருந்து அரிக்கும். அதனால்தான் பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்திய வண்டியிலும் அடி ஓட்டையாக இருக்கிறது.

வண்டியை லிஃப்ட் உள்ள ஒர்க்ஷாப்பில் ஏற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பின் சக்கர வளைவின் உள் விளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் பரவாயில்லை, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காகப் பெயர்ந்தால் தகடு போய்விட்டது. ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தையாகக் கேட்டால் உள்ளே துரு. கதவுகளின் அடிமடிப்பில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை அடைபட்டிருந்தால் கதவு அடியிலிருந்து அழுகத் தொடங்கியிருக்கும். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்டெப்னி கிடக்கும் குழியைப் பாருங்கள். பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயில் துரு தடித்திருந்தால் அது உயிர் விஷயம். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏ.சி. கண்டென்சரின் அலுமினியம், கைபட்டால் மாவாக உதிர்ந்தால், ஏ.சி. வாயு நிற்காது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

அடி முழுவதும் புத்தம் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். துருவைச் சுரண்டாமல் மேலே அடித்த கோட்டிங், ஈரத்தை உள்ளே பூட்டி வைத்து அரிப்பைக் கூட்டும். விற்பதற்காக அடித்ததா, பராமரிப்புக்காக அடித்ததா என்பது பில் தேதியில் தெரியும்.

சைலன்சருக்கும் ஒரு வார்த்தை. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் புகையோடு வரும் நீராவி வெளியேறும் அளவுக்குச் சைலன்சர் சூடாவதில்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி உள்ளிருந்து ஓட்டை போடும். உங்கள் 14 கிலோமீட்டர் அதற்குப் போதும். அரை கிலோமீட்டரில் உள்ள கடைக்குக் காரை எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் நல்ல தண்ணீரால் அடியைக் கழுவுங்கள். மேலே கழுவுவதைவிட அதுதான் முக்கியம்.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவெண்ணைச் சொல்லி, ஒவ்வொரு சர்வீசிலும் எத்தனை கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது என்ற பட்டியலை ஓனர் மூலம் வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 2321 என்றால் 2021-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. 38,000 ஓடிய வண்டியில் 2021 டயர் கிடந்தால் பொருத்தம். நாலும் 2024 டயர் என்றால் ஏன் இவ்வளவு சீக்கிரம் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு கம்பெனி, வேறு வருஷம் என்றால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது மார்த்தாண்டம் மேம்பாலத்தில் நாலாம் கியரில் வேகம் குறைத்து ஏறவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது.

இன்சூரன்ஸும் யார் பெயர் என்பதும்

இன்சூரன்ஸ் ஆகஸ்ட் வரை இருக்கிறது என்பது காகிதத்துக்குச் சரி. வண்டி கை மாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கூடவே வரும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி அப்படி வராது. கை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய பெயரிலேயே விட்டுவிட்டு ஒரு மரத்தில் மோதினால் கிளெய்ம் நிராகரிக்கப்படும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) வண்டியோடு வராது, அவரோடு போய்விடும். மாற்றும்போது அந்த வித்தியாசத்தை உங்களிடம் வாங்குவார்கள். அது ஏமாற்று இல்லை, விதி.

ஆர்.சி.யைக் கணவர் பெயரில் வைக்கும் முடிவைத் தயவுசெய்து மாற்றுங்கள். ஓனர் ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயருள்ளவர் லைசென்ஸோடு தானே ஓட்டும்போது அவருக்குத்தான். வண்டி அவர் பெயரில் இருந்து தினமும் ஓட்டுவது நீங்கள் என்றால், அந்தக் காப்பீடு உங்களுக்கு உதவாது. பிறகு விற்கும்போது கையெழுத்துக்காக அவர் லீவில் வரும்வரை காத்திருக்கவும் நேரும். ஓட்டுகிறவர் பெயரில் வண்டி இருக்கட்டும்.

விற்பவரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் முழுவதும் நிரப்பி, உங்கள் பெயரோடு கையெழுத்து வாங்குங்கள். பெயர் இடத்தை வெறுமையாக விட்ட படிவம் வேண்டாம். ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருந்தால் கடன் குறிப்பை நீக்க வங்கி முத்திரையிட்ட படிவம் 35-ம் கடன் முடிந்த கடிதமும் வந்த பிறகே பணம். எம்-பரிவாகன் செயலியில் பதிவெண் போட்டால் கடன் குறிப்பும் இன்சூரன்ஸ் தேதியும் தெரியும், அபராத பாக்கியையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள்.

லோனில் ஒரு கண்ணி

பழைய வண்டிக்கு ஃபைனான்ஸில் "ஒன்பது சதவீதம்தான்" என்பார்கள். ஃபிளாட்டா (முழுக் கடனுக்கும் கடைசி வரை வட்டி), குறையும் பாக்கிக்கா (கட்டக் கட்டக் குறையும் கடனுக்கு மட்டும் வட்டி) என்று கேளுங்கள். 1,50,000-க்கு 9 சதவீதம் ஃபிளாட், மூன்று வருஷம் என்றால் வட்டி 40,500. குறையும் பாக்கிக் கணக்கில் 14 சதவீதம் என்று சொல்லும் வங்கியில் 34,500 மட்டுமே. பெரிதாகக் கேட்கும் 14, சின்னதாகக் கேட்கும் 9-ஐ விட மலிவு. அந்த 9 உண்மையில் 16 சதவீதத்துக்கும் மேல். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடனையும் கேட்டுப் பாருங்கள், பல நேரம் வட்டி குறைவாக இருக்கும், ஆர்.சி.யிலும் கடன் குறிப்பு ஏறாது. ஆனால் மாதாமாதம் கட்டும் ஒழுங்கு உங்களிடம் இருந்தால் மட்டும்; தவணை என்று யாரும் கேட்காத கடன் தங்கிப்போய் நகை ஏலத்துக்குப் போன வீடுகள் நம் ஊரில் குறைவில்லை.

என் பரிந்துரை அந்த 2021 பெட்ரோல் வண்டி, லிஃப்டில் ஏற்றி அடி சரியாக இருந்தால். முன்னால் இரண்டு ஏர்பேகும், ஏ.பி.எஸ்.ஸும் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2022 ஜனவரி முதல்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது; 2021 வண்டியின் அடிமட்ட மாடலில் ஒன்று மட்டும் இருக்கலாம். மாமியார் முன்சீட்டில்தான் உட்காருவார் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அடி அரித்திருந்தால், அல்லது சர்வீஸ் பட்டியல் கிடைக்காவிட்டால், அதே வயசில் வேறு டி.என். 74 (நாகர்கோவில்), டி.என். 75 வண்டியைத் தேடுங்கள். இரண்டு மாதம் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. அதுவும் அமையவில்லை என்றால் புது வண்டிக்குப் போகலாம். அப்போது ஒரு படி குறைந்த மாடலை எடுத்து லோனை மூன்று லட்சத்துக்குள் நிறுத்துங்கள். பாறசாலை டீசலுக்கு முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும் நாளில் மாமியாரையும் கூட்டிப்போங்கள். முன்சீட்டில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் மடக்கி எழுவதற்கு அவர் கதவைப் பிடித்துத் தொங்குவார். மாதாமாதம் திருவனந்தபுரம் போய்வரும் பயணம் அவருக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.